பித்தளைக்கு ஓர் அரக்குப் போர்வை

செம்பின்மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூட்டினால் ஒட்டச் செய்யும் முறையை, ஷெபீல்டு நகரத்துக் கத்தித் தொழிலாளி தாமஸ் பவுல்சோவர் 1743ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார். அத்தகட்டில் அவர் செய்து விற்றவை பொத்தான்கள். 1840இல் எல்கிங்டன் என்பார் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு உரிமை பெற்றார். அதன்பின் வெள்ளிப் பூச்சு மேலும் மெல்லியதாயிற்று, தொல்லையும் தொடங்கிற்று.

காற்றிற் கலந்த கந்தக ஆவி வெள்ளியைக் கறுக்கச் செய்யும். துலக்கத் துலக்க, கறையோடு வெள்ளியும் தேய்ந்து, அடியிலுள்ள செம்பு தலைகாட்டும். துலக்குவது வேறு, காப்பது வேறு.

இதனை நன்குணர்ந்தவர்கள், பித்தளையில் நுண்ணோக்கியும் தொலைநோக்கியும் செய்த அந்நாளைய இங்கிலாந்துக் கைவினைஞர்கள். பித்தளையும் ஈரத்தாலும் கைவியர்வையின் உப்பாலும் மங்குவதன்றோ? ஆகவே அதனை மெருகிட்டு, விரல் படாமல் இளஞ்சூடாக்கி, அவலரக்கைக் கரைத்த சாராயத்தை மென்தூரிகையால் பூசினர். சாராயம் ஆவியாகிவிட, கண்ணாடி போன்ற படலம் நின்று காற்றைத் தடுத்தது. பொன்னிறம் வேண்டிச் சிலர் மஞ்சளும் சேர்த்தனர். நம் அடுக்களை மஞ்சளேதான்! அவலரக்கும் நம் நாட்டதே. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது.

உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பழைய பித்தளை நுண்ணோக்கி இருக்குமாயின், கடமையுணர்ச்சி மிகுந்து அதனைப் புளியிட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஸ்பிரிட்டும் வேண்டா, அதிற் கரைத்துப் பூசிய அரக்கு அதிலேயே கரைந்துபோகும். உலர்ந்த மென்துணி ஒன்று போதும்.