எமிகிரண்ட், இமிகிரண்ட்: ஒரே கப்பலில் வந்த இரண்டு சொற்கள்

கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்த ஒருவர் தம் தாத்தாவைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே தடுமாற்றம் வரும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தாத்தாவை எமிகிரண்ட் என்று எழுதுவதா, இமிகிரண்ட் என்று எழுதுவதா? காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். பலர் எழுத்துப் பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிட்டு மற்றதை எழுதுவார்கள். உண்மையில் இரண்டும் சரியான சொற்கள். எந்தக் கரையில் நின்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும்.

வேர் ஒன்று, முன்னொட்டு இரண்டு

இரண்டு சொற்களுக்கும் வேர் இலத்தீன் மொழியின் 'மிக்ராரே'. இடம் மாறுதல் என்பது பொருள். அதன் முன்னே 'வெளியே' என்று பொருள்படும் 'எக்ஸ்' சேர்ந்து, எக்ஸ் தேய்ந்து எ-வாக நின்றது எமிகிரண்ட். 'உள்ளே' என்று பொருள்படும் 'இன்' சேர்ந்தது இமிகிரண்ட். அங்கே 'இன்' என்பது அடுத்து வரும் எழுத்துக்கு இணங்கி 'இம்' ஆகிவிட்டது. மரம் என்பதோடு கள் சேரும்போது மகரம் மாறி மரங்கள் ஆவது போன்ற சந்திதான் இதுவும். அதனால்தான் ஆங்கிலத்தில் இமிகிரண்டுக்கு இரண்டு எம், எமிகிரண்டுக்கு ஒரே எம்.

எமிகிரண்ட் வெளியேறுபவர், இமிகிரண்ட் உள்ளே வருபவர். ஆங்கிலத்தில் எமிகிரண்ட்தான் மூத்த சொல். 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அது வழக்கில் இருந்தது. இமிகிரண்ட் அதற்குப் பிறகு, ஆட்கள் வந்து இறங்கிய அமெரிக்காவில் பரவியது. ஜெரமி பெல்க்னாப் 1792இல் வெளியான தமது நியூ ஹாம்ப்ஷயர் வரலாற்றில் அச்சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆட்களை அனுப்பிய நாட்டுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது, ஏற்ற நாட்டுக்கு இன்னொரு சொல் தேவைப்பட்டது.

பயணம் ஒன்று, சட்டம் இரண்டு

மலாயாத் தமிழர்களின் கதையில் இந்த இரண்டு சொற்களும் சட்டப் புத்தகத்திலேயே எதிரெதிராக நிற்கின்றன.

இந்தியாவின் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் எமிகிரேஷன் சட்டம். நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் இருந்த முகாம்களில் பெயர் பதிந்து கப்பலேறியவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் எமிகிரண்ட். அதே ஆள் போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியதும் இமிகிரண்ட் ஆனார். இங்கே 1907இல் தோட்ட முதலாளிகளிடம் பணம் வசூலித்து, தொழிலாளர்களின் கப்பல் செலவுக்காக ஏற்படுத்தப்பட்ட நிதியின் பெயரே தமிழ் இமிகிரேஷன் நிதி. பிறகு அது இந்திய இமிகிரேஷன் நிதியாகி, பின்னாளில் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறியது.

எமிகிரண்ட் என்று சொல்லும் கரைக்கு ஆட்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் இருந்தது. 1938இல் மலாயாத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டபோது, உதவி பெற்றுத் தோட்ட வேலைக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது அத்தோடு முடிவுக்கு வந்தது. இமிகிரண்ட் என்று சொல்லும் கரைக்கு, யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்ற அதிகாரம் இருந்தது.

இன்றும் இதே நிலைதான். பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்கு வர வேண்டுமானால், இந்தியாவில் எமிகிரேஷன் அனுமதி பெற வேண்டும். இங்கே அவருடைய விசாவையும் வேலை பெர்மிட்டையும் பார்ப்பது இமிகிரேஷன். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் சிக்கல்தான். ஏஜெண்டுகளிடம் ஏமாறுகிறவர்கள் பலர் இந்த வேறுபாடு தெரியாமலேயே ஏமாறுகிறார்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது?

மலேசியாவில் இமிகிரேஷன் இலாகாவைக் குடிநுழைவுத் துறை என்கிறோம். நுழைவதை மட்டும் சொல்லும் பெயர் அது. இலங்கையில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் என்று வைத்திருக்கிறார்கள். எமிகிரேஷனுக்குக் குடியகல்வு, இமிகிரேஷனுக்குக் குடிவரவு என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் சொற்கள் நம் பேச்சு வழக்கில் இல்லை.

பழைய தமிழில் 'புலம்பெயர்' என்ற சொல் உண்டு. பட்டினப்பாலையில் அது, பல மொழி பேசும் நாடுகளிலிருந்து காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து ஊர் மக்களோடு கலந்து வாழ்ந்தவர்களைக் குறிக்கிறது. இன்று அதே சொல் பெரும்பாலும் தமிழ் நிலத்தை விட்டுப் போனவர்களைக் குறிக்கிறது. ஆங்கிலம் இரண்டு சொல் வைத்துப் பிரித்ததைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறது.

மலாய் மொழியில் 'டத்தாங்' என்றால் வருதல். 'பெண்டாத்தாங்' என்றால் வந்தவர். அகராதியில் அது வசைச்சொல் இல்லை. ஆனால் இங்கேயே பிறந்தவரைப் பார்த்துச் சொல்லப்படும்போது வலிக்கிறது. தமிழில் 'வந்தேறி' என்பதும் அப்படித்தான்.

கேரி தீவில் யார் எவர்?

இந்தத் தீவுக்குப் பெயர் தந்தவர் எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர். அவரும் கடல் கடந்து வந்தவர்தான். ஆனாலும் அவரை யாரும் இமிகிரண்ட் என்று எழுதவில்லை. தீவுக்கே அவர் பெயரை வைத்தார்கள். பால் வெட்ட வந்த தமிழர்களைத்தான் அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. இரண்டு சொல்லுக்கும் இடம் கொடுக்காதவர்கள் மா மெரி பூர்வகுடி மக்கள் மட்டுமே. தோட்டம் வருவதற்கு முன்பே இந்தக் கடலோரத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின், தோட்டங்களில் தமிழர்கள் செய்த வேலையை இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். அவர்களுக்கு வேறொரு சொல்: மைக்ரண்ட். அதே வேர், முன்னொட்டு கிடையாது. தங்க வந்தவர் அல்ல, வேலை முடிந்ததும் திரும்பிப் போகிறவர் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நம் தாத்தாக்களில் பலரும் இரண்டு மூன்று வருடத்தில் ஊர் திரும்பலாம் என்று நினைத்துத்தான் வந்தார்கள்.

பேரப்பிள்ளைக்கு எந்தச் சொல்?

இரண்டும் இல்லை. எமிகிரண்ட், இமிகிரண்ட் இரண்டுமே பயணம் செய்தவரைக் குறிக்கும் சொற்கள். அவை பரம்பரைச் சொத்தாகப் பிள்ளைகளுக்கு வராது. இங்கே பிறந்தவர் எந்தக் கரையையும் விட்டு வரவில்லை, எந்தக் கரையிலும் வந்து இறங்கவில்லை.

தோட்டப்புறங்களில் இது வெறும் இலக்கணப் பேச்சு இல்லை. மெர்டேக்காவுக்கு முன் இந்த மண்ணிலேயே பிறந்து, குடியுரிமைக்குப் பதிவு செய்யாமல் விட்டுப்போனதால் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்கள் உண்டு. அவர்களுக்காக விண்ணப்பமோ விளக்கக் கடிதமோ எழுதிக் கொடுக்கும் பிள்ளைகள், அவரை இமிகிரண்ட் என்று எழுதினால், பிறப்பிடம் பற்றிய அவருடைய உண்மைக்கே அது முரணாகிவிடும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை:

• தாத்தா இந்தியாவை விட்டுப் புறப்பட்டதைச் சொன்னால் எமிகிரேட். அதோடு 'ஃப்ரம்' வரும்.

• மலாயாவுக்கு வந்து சேர்ந்ததைச் சொன்னால் இமிகிரேட்; அதோடு 'டு' வரும்.

• இங்கே பிறந்தவரைப் பற்றி எழுதும்போது இரண்டையும் விட்டுவிட்டு, பிறந்த தோட்டத்தின் பெயரையும் மாவட்டத்தையும் எழுதலாம்.

• குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் டில்லி, சென்னை ஆவணக் காப்பகங்களில் எமிகிரேஷன் என்ற தலைப்பிலும், கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் இமிகிரேஷன், தொழிலாளர் இலாகா என்ற தலைப்புகளிலும் கேட்க வேண்டும். ஒரு கரையின் சொல்லை வைத்துக்கொண்டு மறு கரையில் தேடினால் தாத்தா கிடைக்கமாட்டார்.