தரம் 6 முதல் 9 வரை: விடுமுறையில் எந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம்?

புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5 உடன் முடிந்துவிடுகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கான படிப்பு தரம் 10 இல் தொடங்குகிறது. இடைப்பட்ட நான்கு வருடங்களில் பொதுப் பரீட்சை எதுவும் இல்லை. ஒரு பிள்ளை புள்ளிக்காக அல்லாமல் தனக்காக வாசிக்கப் பழகுவதற்குக் கிடைக்கும் காலம் இதுதான். அதையும் ரியூசன் வகுப்புகள் பிடித்துக்கொண்டு வருகின்றன. மிஞ்சியிருப்பது விடுமுறை.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில் சில வருடங்களாகப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்து வருகிறேன். பெற்றோர் என்னிடம் இரண்டு கேள்விகளைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒன்று, எந்தப் புத்தகம் படிப்புக்கு உதவும் என்பது. மற்றதைச் சற்றுத் தயங்கியே கேட்பார்கள்: யுத்தம் வருகிற கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

இன்று இத்தரங்களில் படிப்பவர்கள் 2009 க்குப் பின்னர் பிறந்தவர்கள். பதுங்குகுழியை அவர்கள் காணவில்லை. ஆனால் சுவரில் மாலை போட்ட படத்தைக் காண்கிறார்கள். ஒரு பெயரைச் சொன்னதும் அம்மம்மா பேச்சை நிறுத்திவிடுவதையும் காண்கிறார்கள். அவர்களிடம் கேள்விகள் இருக்கின்றன, எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. ஆகவே கொடுக்கலாம் என்பதே என் பதில். எதை, எந்த வயதில், எப்படி என்பதில்தான் கவனம் வேண்டும்.

தரம் 6: முதலில் சிரிப்பு

வாசிப்பில் ருசி பிடிக்காத பிள்ளைக்குத் துயரக் கதையைக் கொடுத்துத் தொடங்கக்கூடாது. செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்' எங்கள் பேச்சுமொழியிலேயே சிரிக்க வைக்கும் நாவல். வீட்டில் ஒருவர் உரத்து வாசித்தால் பேத்தியோடு சேர்ந்து பேத்தியாரும் சிரிப்பார். மஹாகவியின் 'குறும்பா' 1966 இல் வந்தது. ஐந்தே அடிகளில் முடியும் வேடிக்கைப் பாக்கள். சில பெரியவர்களுக்கானவை என்பதால் தெரிந்தெடுத்துக் கொடுங்கள்.

தரம் 7, 8: வேறொரு நாட்டுப் பிள்ளை

ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' தமிழில் கிடைக்கிறது. முதல் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட ஒரு சிறுமி, ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட இன்னொரு பாடசாலைக்குப் போகிறாள். அது எழுத்தாளரின் சொந்தக் கதை. அந்தப் பாடசாலை 1945 இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோனது. எரிவதைப் பார்த்து நிற்கும் அதிபர், அடுத்த பாடசாலையை எப்படிக் கட்டலாம் என்று யோசிக்கிறார். நூல் முழுக்க விளையாட்டும் குறும்பும், யுத்தம் கடைசியில்தான் வருகிறது. அதனால்தான் யுத்தம் வருகிற முதல் புத்தகமாக இதைச் சொல்கிறேன்.

'குட்டி இளவரசன்' பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்தது. இதை எழுதியவர் ஒரு விமானி. நூல் 1943 இல் வெளியானது. மறுவருடம் யுத்தப் பறப்பு ஒன்றுக்குப் போனவர் திரும்பவில்லை. பிரிவைப் பற்றிப் பேச விரும்பும் பிள்ளைக்கு இது ஏற்றது.

தரம் 9: நாட்குறிப்புகள்

ஆன் பிராங்க் தனது 13 ஆவது பிறந்தநாளில், 1942 இல், நாட்குறிப்பைப் பெற்றார். இரண்டு வருடங்களுக்கு மேல் அம்ஸ்ரடாமில் ஒளிந்திருந்த காலத்தில் அதில் எழுதினார். 1945 இல் தடுப்பு முகாமில் இறந்தார். 1947 இல் தந்தை அதை நூலாக்கினார். தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. வெளியே போகமுடியாத நாட்களிலும் அம்மாவோடு கோபம், படிப்பில் சலிப்பு, ஒரு பையன் மேல் விருப்பம் என்று சாதாரணப் பிள்ளையாகவே இருக்கிறார். இதை வாசித்துவிட்டு, "நீங்கள் அந்த நேரம் என்ன செய்தீர்கள்?" என்று தாயிடம் கேட்ட பிள்ளைகளை நான் அறிவேன். எங்கள் யுத்தத்தைப் பற்றிய பேச்சு வேறொருவரின் யுத்தத்தின் வழியாகத் தொடங்கும்போது இருவருக்கும் பாரம் சற்றுக் குறைகிறது.

கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' நூலில் சிறுபராயம் பற்றிய பகுதிகளையும் இந்த வயதினர் ரசிப்பார்கள்.

கவனிக்க வேண்டியவை

யுத்தம் வரும் நூலை முதலில் நீங்கள் வாசியுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர் இருக்கும் வீடு என்றால் பிள்ளையைத் தனியே வாசிக்க விடாமல் பக்கத்தில் இருங்கள். இடையில் மூடிவைத்தால் ஏன் என்று வற்புறுத்தாதீர்கள். உறக்கம் கெட்டாலோ பயம் தொடர்ந்தாலோ நூலை நிறுத்தி, வகுப்பாசிரியரிடமோ வைத்தியரிடமோ பேசுங்கள். வாசித்த பின்னர் சுருக்கம் எழுதச் சொல்லவேண்டாம், அது மறுபடியும் பரீட்சையாகிவிடும். இரண்டு மூன்று நூல்களை முன்னால் வைத்து, ஒன்றைப் பிள்ளையே எடுக்கட்டும்.

எங்கே பெறலாம்?

பிரதேச சபை நூலகங்களிலும் பாடசாலை நூலகங்களிலும் முதலில் விசாரியுங்கள். ஈழத்து நூல்கள் பல கடைகளில் இல்லை. 1981 இல் யாழ். பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடி மின்வடிவில் சேர்க்கும் 'நூலகம்' இணையத்தளம் 2005 முதல் இயங்குகிறது. பழைய ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் அங்கே இலவசமாக வாசிக்கலாம். விடுமுறையில் போன் பிள்ளையின் கையில்தான் இருக்கப்போகிறது. அதில் ஒரு புத்தகத்தையும் திறந்து கொடுங்கள்.