பணிப்பதிவு வினவல்

பணிப்பதிவு வினவல் என்பது திட்ட மேலாண்மை மென்பொருள்களில் சேமிக்கப்பட்டுள்ள பணிப்பதிவுகளிலிருந்து தேவையானவற்றைத் தெரிவு செய்து, ஒத்தவற்றைக் குழுக்களாகப் பிரித்து, குறிப்பிட்ட ஒழுங்கில் அடுக்கிக் காட்டும் முறையாகும். இதில் வடிகட்டல், குழுவாக்கம், வரிசைப்படுத்தல் என மூன்று செயல்கள் அடங்கும். பதிவுகள் சில நூறைத் தாண்டும்போது அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பது இயலாது. அந்நிலையில் எந்தப் பணி கண்ணில் படுகிறது, எது படாமல் போகிறது என்பதை வினவலே தீர்மானிக்கிறது.

வரலாறு

இம்முறையின் அடிப்படை, எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுசார் தரவுத்தளக் கோட்பாடு ஆகும். இதைப் பின்பற்றி ஐ.பி.எம். நிறுவனத்தின் டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகியோர் 1974-இல் ஒரு வினவல் மொழியை வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்று, 1986-இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. 1998-இல் வெளியான பக்சில்லா, 2002-இல் வெளியான ஜிரா, 2006-இல் வெளியான ரெட்மைன் ஆகியவை தரவுத்தளத்தில் பணிகளைப் பதிந்து வினவும் வசதியைப் பரவலாக்கின. தமிழகத்தைச் சேர்ந்த ஆட்வென்ட்நெட் நிறுவனம் (2009 முதல் சோகோ கார்ப்பரேஷன்) 2006-இல் சோகோ புராஜெக்ட்ஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டது. ஜிராவுக்கெனத் தனி வினவல் மொழி 2009-இல் சேர்க்கப்பட்டது.

பதிவின் அமைப்பு

ஒரு பணிப்பதிவு பல புலங்களைக் கொண்டது. பணி எண், தலைப்பு, பொறுப்பாளர், நிலை, முதன்மை, காலக்கெடு ஆகியவை பொதுவான புலங்கள். விளக்கத்திற்காக, விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளில் ஆய்வு நடத்தி, கண்டறிந்த குறைகளைப் பணிகளாகப் பதிவதாகக் கொள்வோம். கீழுள்ள பதிவுகள் கற்பனையானவை. முதன்மை 1 என்பது மிக அவசரமானதைக் குறிக்கும்.

எண் | வட்டம் | குறை | நிலை | முதன்மை | காலக்கெடு
1 | சாத்தூர் | இடிதாங்கி பழுது | திறந்தது | 2 | 2025-03-20
2 | சிவகாசி | ஓர் அறையில் நால்வருக்கு மேல் வேலை | திறந்தது | 1 | 2025-03-05
3 | வெம்பக்கோட்டை | மரத்தடியில் உற்பத்தி | திறந்தது | 1 | (வெற்று)
4 | சிவகாசி | வாளிகளில் மணல் இல்லை | முடிந்தது | 3 | 2025-03-01
5 | சாத்தூர் | கழிவு மருந்து அகற்றப்படவில்லை | திறந்தது | 1 | 2025-03-12
6 | விருதுநகர் | எச்சரிக்கைப் பலகை இல்லை | திறந்தது | 3 | 2025-03-10

வடிகட்டல்

மார்ச் 15 அன்று காலக்கெடு கடந்தும் முடியாத பணிகளை அறிய, "நிலை = திறந்தது" மற்றும் "காலக்கெடு < 2025-03-15" என்னும் இரு நிபந்தனைகள் தரப்படுகின்றன. விடையாக 2, 5, 6 ஆகிய பதிவுகள் கிடைக்கும்.

இங்கு 3-ஆம் பதிவு விடுபட்டிருப்பதைக் கவனிக்கவும். அதன் காலக்கெடுப் புலம் வெற்றாக உள்ளது. எஸ்.கியூ.எல். மொழியில் வெற்று மதிப்பை எதனுடன் ஒப்பிட்டாலும் விடை "உண்மை" அன்று, "பொய்" அன்று, "அறியப்படாதது" ஆகும். அறியப்படாத விடையைத் தரும் பதிவுகள் பட்டியலில் சேர்வதில்லை. இதனால் மிக ஆபத்தான குறை ஒன்று, யாரோ தேதி இட மறந்த காரணத்தால் மட்டுமே மறைந்துவிடுகிறது. ஜிராவிலும் "பொறுப்பாளர் இன்னார் அல்லர்" என வினவினால், பொறுப்பாளரே குறிக்கப்படாத பணிகள் விடையில் வருவதில்லை.

இதைத் தவிர்க்க "அல்லது காலக்கெடு வெற்று" என்னும் நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். "மற்றும்" என்பது "அல்லது" என்பதற்கு முன்னதாகக் கணிக்கப்படும் என்பதால், காலக்கெடு பற்றிய இரு நிபந்தனைகளையும் ஓர் அடைப்புக்குறிக்குள் இடுதல் அவசியம். அடைப்புக்குறி இல்லையெனில், காலக்கெடு இடப்படாத முடிந்த பணிகளும் பட்டியலில் நுழைந்துவிடும். திருத்திய வினவல் 2, 3, 5, 6 ஆகிய பதிவுகளைத் தரும்.

குழுவாக்கம்

குழுவாக்கம் என்னும் சொல் இரு வேறு பொருளில் வழங்குகிறது. எஸ்.கியூ.எல். மொழியின் "குரூப் பை" கட்டளை ஒவ்வொரு குழுவையும் ஒரே வரியாகச் சுருக்கி எண்ணிக்கை, கூட்டுத்தொகை போன்றவற்றைத் தருகிறது. திட்ட மேலாண்மை மென்பொருள்களிலோ பதிவுகள் சுருக்கப்படாமல், ஒவ்வொரு குழுத் தலைப்பின் கீழும் வரிசையாகக் காட்டப்படுகின்றன. முன்னது எத்தனை என்பதையும் பின்னது எவை என்பதையும் கூறுகின்றன.

குழுவாக்கத்தின் துல்லியம் புலத்தின் எழுத்துக் கூட்டலைப் பொறுத்தது. "திருவில்லிபுத்தூர்", "ஸ்ரீவில்லிபுத்தூர்" என ஒரே ஊர் இரு விதமாகப் பதியப்பட்டால், கணினி அவற்றை இரு ஊர்களாகவே கொள்ளும். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் சொற்களும் பிரியக்கூடும். 2005-இல் ஒருங்குறியில் "ஶ" எழுத்து சேர்க்கப்பட்ட பின், "ஸ்ரீ" என்பதை இரு வேறு குறித்தொடர்களால் எழுத முடிகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இவை ஒருங்குறி விதிகளின்படி சமமானவை அல்ல என்பதால் இயல்பாக்கம் செய்தாலும் ஒன்றாவதில்லை. மாறாக, "வெம்பக்கோட்டை" என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும், இரு பகுதிகளாகவும் உள்ளிடலாம். இவை சமமானவை என வரையறுக்கப்பட்டுள்ளதால் இயல்பாக்கத்தின் மூலம் ஒன்றாக்கலாம். இத்தகைய சிக்கல்களால், ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தெரிவு செய்ய வைப்பதே நல்ல வழக்கமாகும்.

வரிசைப்படுத்தல்

வரிசைப்படுத்தல் ஏறுவரிசையாகவோ இறங்குவரிசையாகவோ அமையலாம். முதல் திறவுகோல் சமமாக உள்ள பதிவுகளை இரண்டாம் திறவுகோல் பிரிக்கும். மேற்கண்ட நான்கு பதிவுகளை முதன்மை, பின் காலக்கெடு என அடுக்கினால் 2, 5, 3, 6 என வரும். இங்கு வெற்று மதிப்பு தன் குழுவின் இறுதியில் வைக்கப்பட்டுள்ளது. ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் வெற்று மதிப்பை இறுதியிலும் மையெஸ்கியூஎல் தொடக்கத்திலும் வைக்கின்றன.

குழுவாக்கம் எப்போதும் வரிசைப்படுத்தலை முந்தும். இதே பதிவுகளை வட்டவாரியாகப் பிரித்தால் சாத்தூர் (5), சிவகாசி (2), விருதுநகர் (6), வெம்பக்கோட்டை (3) என வரும். அவசரமான 3-ஆம் பணி, அவசரமற்ற 6-ஆம் பணிக்குக் கீழே சென்றுவிடுகிறது. எனவே அவசரத்தை அறியும் பட்டியலில் இடவாரிக் குழுவாக்கம் பொருத்தமன்று.

தேதிகளை "05-09-2012" என எழுத்தாகச் சேமித்தால் அவை நாளின்படி அடுக்கப்படும், ஆண்டின்படி அன்று. ஆண்டு, மாதம், நாள் என எழுதும் ஐ.எஸ்.ஓ. 8601 முறையில் இச்சிக்கல் எழுவதில்லை. அவ்வாறே எண்களை எழுத்தாகச் சேமித்தால் 10 என்பது 9-க்கு முன் வரும்.

தமிழ் அகரவரிசை

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் இடங்கள், இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி குறிமுறையைத் தழுவியவை. ஆகவே குறியெண்களின்படி அடுக்கினால் தமிழ் அகரவரிசை கிடைப்பதில்லை. "ன" எழுத்து "ந" எழுத்தை அடுத்து அமைந்துள்ளதால் அனுப்பன்குளம் முதலிலும் அருப்புக்கோட்டை பின்னரும் வரும். அகராதி முறைப்படி அருப்புக்கோட்டையே முதலில் வர வேண்டும். புள்ளியின் குறியெண் எல்லா மெய்களுக்கும் பின்னால் இருப்பதால் "படம்" என்பது "பட்டாசு" என்பதற்கு முன் வந்துவிடும். தமிழுக்குரிய ஒப்பீட்டு விதிகளைத் தரும் ஐ.சி.யூ. போன்ற நிரல் தொகுப்புகளைப் பயன்படுத்தினால் சரியான வரிசை கிடைக்கும்.

மாவட்ட நிருவாகத்தில்

இதே செயல்கள் அரசின் கண்காணிப்பிலும் பயன்படுகின்றன. 2018-இல் இந்திய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழகத்திலிருந்து விருதுநகர், இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்கள் சேர்க்கப்பட்டன. அதில் 49 குறியீடுகள் 5 துறைகளாகக் குழுவாக்கப்பட்டு, அடைந்த முன்னேற்றத்தின் அளவைக் கொண்டு மாவட்டங்கள் தரவரிசைப்படுத்தப்பட்டன. முன்னேற்றத்தின்படி முதலில் நிற்கும் மாவட்டம், தற்போதைய நிலையின்படி அடுக்கினால் பின்தங்கி நிற்கக்கூடும். எந்தத் திறவுகோலைக் கொண்டு அடுக்கப்பட்டது என்பதை அறியாமல் ஒரு பட்டியலைப் படிப்பது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

வரம்புகள்

வினவல் பதியப்பட்டதை மட்டுமே காட்டும். பட்டாசு ஆலைகளை வெடிபொருள் பாதுகாப்பு, தொழிலகப் பாதுகாப்பு, தீயணைப்பு, வருவாய் எனப் பல துறைகள் ஆய்வு செய்கின்றன. அவற்றின் பதிவுகளில் ஓர் ஆலைக்கு ஒரே அடையாள எண் இல்லையெனில், அவற்றை இணைத்து வினவ இயலாது.

மேலும், பதிவின் நிலை மாறுவதும் களத்தின் நிலை மாறுவதும் ஒன்றல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விதிமீறல்களுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட பின்னரும் அந்த ஆலை இயங்கியதாக அப்போது செய்திகள் வெளியாயின. இத்தகைய இடங்களில் "ஆணை பிறப்பிக்கப்பட்டது", "ஆலை மூடப்பட்டது நேரில் உறுதி செய்யப்பட்டது" ஆகிய இரண்டும் தனித்தனி நிலைகளாகப் பதியப்பட வேண்டும். முன்னதில் மட்டும் நிற்கும் பதிவுகளை நாள்தோறும் வினவிப் பார்த்தால்தான் பட்டியலின் பயன் களத்தைச் சென்றடையும்.

இவற்றையும் பார்க்கவும்

தரவுத்தளம்
எஸ்.கியூ.எல்.
ஒருங்குறி
திட்ட மேலாண்மை
விருதுநகர் மாவட்டம்