பாலாற்றங்கரைத் தோல் தொழிலும் அரசாணைகளும்

பிக்ஹு நூல்களில் தஹாரத் பாடத்தைத் தொடங்கும் மாணவன் முதற்கண் கற்பது தண்ணீரைப் பற்றியே. அசுத்தம் கலந்து நிறமோ, சுவையோ, மணமோ மாறிவிட்ட நீர் ஒளுவுக்கு உதவாது. அதே பாடத்தில் சற்றுத் தள்ளி, செத்த பிராணியின் தோலும் பதனிடப்பட்டால் தூய்மையாகும் என்ற சட்டம் வருகிறது. வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்து வரலாறு இவ்விரு சட்டங்களுக்கும் இடையில் நிற்கிறது எனலாம்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் அரைப்பதனிட்ட தோல், பெரியமேட்டு மண்டிகள் வழியே சீமைக்கு ஏறிய காலம் ஒன்றிருந்தது. அவ்வணிகத்தால் விளைந்த நன்மைகளை நாம் மறுப்பதற்கில்லை. 1924இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவிய காக்கா முஹம்மது உமர் சாஹிப் தோல் வணிகரே.

1973இல் மத்திய அரசு கொள்கையை மாற்றியது. சீதாராமையா குழுவின் பரிந்துரையையொட்டி, அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அளவு கட்டப்பட்டது. முழுமைபெற்ற தோலும் காலணியும் ஏற்றுமதியானால் நாட்டுக்கு வருவாய் பெருகும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறிற்று, ஆயினும் எந்திரம் வாங்க முதலில்லாத சிறு தொட்டிக்காரர்கள் பிறருக்குக் கூலிக்குப் பதனிடுவோராயினர். பட்டைப் பதனீடு வாரக்கணக்கில் நடைபெறும். குரோமிய உப்போ சில நாட்களில் முடித்துவிடும். விரைவை விரும்பிய அரசே பின்னர் நீரைப் பற்றி விசாரிக்க வந்தது என்பதை நாம் கருதிப் பார்க்கவேண்டும்.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. தமிழகத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982இல். ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழிற்சாலைகளுக்கு இடமில்லை என்று 1989இல் அரசாணை பிறந்தது. ஆணைகள் பெருகின; கிணறுகளோ உவர்த்துக்கொண்டே போயின. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் மனுவின்மீது உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. அதில் எடுத்துக்காட்டப்பட்ட வேளாண் பல்கலைக்கழக ஆய்வின்படி, தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பயிருக்குப் பகுதியாகவோ முழுமையாகவோ தகுதியிழந்திருந்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ரூ. 10,000 தண்டம், டிசம்பர் 15க்குள் வாரியத்தின் ஒப்புதல் பெறாதவை மூடப்படும். மாசுபடுத்தியவனே ஈடுகட்டவேண்டும் என்ற நெறியையும் நீதிபதி குல்தீப் சிங் அதில் நிலைநாட்டினார். நம் மத்ரஸாக்களில் ‘ளமான்’ என்று ஓதப்படும் பாடத்துக்கு இது அயலானதன்று.

தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்கச் சிறியோரால் இயலாது. எனவே ஊர்தோறும் பதனிடுவோர் ஒன்றுகூடிக் கம்பெனிகள் அமைத்தனர். அரசுகளும் மானியம் தந்தன. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் இவ்வாறு பொது நிலையங்கள் எழுந்தன. தொழில் தனித்தனி, கழிவுநீர் பொது. இது நம் மக்கள் கண்ட புதுவகைக் கூட்டுடைமை. எனினும் ஓர் இடர் எஞ்சியது. பச்சைத் தோல் கெடாதிருக்க இடப்படும் உப்பு, ஊறவைக்கும் தொட்டியிலேயே நீரில் கரைந்துவிடுகிறது. முதலில் கட்டிய நிலையங்களால் அக்கரைந்த உப்பை அகற்ற முடியவில்லை. பின்னர் ஒரு துளியும் வெளியேறலாகாது எனும் விதி வந்து, சவ்வூடு பரவல் கருவிகளும் ஆவியாக்கிகளும் நிறுவப்பட்டன. செலவு பன்மடங்காயிற்று. பிரித்த உப்போ கழிவு கலந்தது, வாங்குவாரில்லாமல் குவியலாகிறது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். கூட்டுடைமையில் இலாபத்தைப் பங்கிடுவது எளிது. இத்தகைய பழியை எவர் பங்கிட்டுக்கொள்வது?

நிலமிழந்தோர்க்கான இழப்பீடு 2001இலும் 2009இலும் தீர்மானிக்கப்பட்டது. அது முழுமையாகச் சேரவில்லை. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, எஞ்சிய தொகையை அரசே ஆறு வாரத்துள் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியோரிடம் பின்னர் வசூலித்துக்கொள்ளுமாறு பணித்தது. முதல் தீர்மானத்துக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 24 ஆண்டுகள் கழிந்துவிட்டன. உரியவர் இதற்குள் காலமாகியிருப்பின், வரவேண்டிய அத்தொகை அவர் விட்டுச்சென்ற சொத்தைச் சேர்ந்தது. ஃபராயிள் சட்டப்படி வாரிசுகளுக்குப் பங்கிடப்பட வேண்டியது.