கொதித்த நெய்

சுசீந்திரம் என்றதும் ஓங்கி நிற்கும் ஆஞ்சநேயரும், தட்டினால் ஸ்வரம் பாடும் கல்தூண்களும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே தாணுமாலயன் கோயிலில் ஒரு காலத்தில் நெய் கொதித்தது. பிரசாதத்துக்கு இல்லை... விசாரணைக்கு!

அதற்குப் பேர் கைமுக்கு. தகாத உறவு என்று சந்தேகிக்கப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்க்குள் கையை விட்டு, உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை எடுக்கவேண்டும். கையைக் கட்டிவைத்து, மூன்று நாள் கழித்துப் பிரிப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி! அதே வழக்கில் சிக்கிய பெண்ணுக்கு இந்த வாய்ப்புகூடக் கிடையாது. சாதியை விட்டே தள்ளி, உயிரோடு இருப்பவளுக்குக் கருமாதி செய்துவிடுவார்கள்.

ஏன் இந்த ஊரில்? அகலிகையிடம் தப்பு செய்த இந்திரன், கொதிக்கும் நெய்யில் முழுகி இங்கேதான் சுத்தமானான் என்பது ஐதீகம். ‘சுசி’ என்றால் தூய்மை. ஊர்ப்பேரே அப்படி வந்ததுதான். கதை அதோடு முடியவில்லை. தினமும் அர்த்தஜாம பூஜைக்கு இந்திரனே வருகிறான் என்பார்கள். தப்பு செய்தவனிடமே ராத்திரி பூஜையை ஒப்படைத்த கோயில்! மனுஷர்களோ நெய்யை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இதே குற்றச்சாட்டு பைபிளிலும் உண்டு. யோவான் சுவிசேஷம், 8-ம் அதிகாரம். ஒரு பெண்ணை இழுத்துவந்து, மோசேயின் சட்டப்படி கல்லெறிந்து கொல்லலாமா என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். சட்டப்படி ஆணுக்கும் அதே தண்டனைதான். ஆனால், அந்த ஆளைக் காணோம்! குனிந்து தரையில் எழுதிக்கொண்டிருந்த இயேசு, பாவமே செய்யாதவன் முதல் கல்லைப் போடட்டும் என்கிறார். பெரியவர்கள் முதலில் நழுவ, ஒவ்வொருவராகக் கூட்டம் கலைகிறது. நானும் உன்னைத் தண்டிக்கவில்லை, போ, இனி பாவம் செய்யாதே என்று அனுப்புகிறார். வரிசையைக் கவனியுங்கள்... முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் திருந்தச் சொல்வது.

ஆச்சரியம் என்னவென்றால், 4-ம் நூற்றாண்டின் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் இந்தக் கதையே இல்லை! பிற்பாடு சேர்ந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 5-ம் நூற்றாண்டின் புனித அகஸ்டின் வேறு காரணம் சொன்னார். இதைப் படித்தால் மனைவிமாருக்குக் குளிர்விட்டுப் போகுமே என்று பயந்து, சிலர் பிரதியிலிருந்தே நீக்கிவிட்டார்களாம்!

தரங்கம்பாடியில் 1715-லேயே புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. சுசீந்திரத்துக்குப் பக்கத்து மயிலாடியில் 1809-ல் ரிங்கல்தௌபே ஆலயம் கட்டினார். அப்போதும் இங்கே நெய் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்தியவர், 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா.

கைமுக்குதான் நின்றது. பெண்ணை வெளியே தள்ளும் விசாரணை, 1905-ல்கூடக் கொச்சி ராஜ்ஜியத்தில் நடந்தது. தள்ளப்பட்டவளைத் திரும்ப வீட்டுக்குள் அழைத்துக்கொள்ள ஒரு சடங்கு... அது மட்டும் யாருக்கும் தோன்றவே இல்லை.