பிரம்பு மனிதனும் சீசரின் குறிப்பேடும்

போன மாதம் லீவுக்கு வந்திருந்த பேரன் ஒரு ராத்திரி, "தாத்தா, ரொம்ப மட்டமான திகில் படம் ஒண்ணு இருக்கு, பாக்கலாமா?" என்றான். மட்டம் என்று தெரிந்தே எதற்கு மெனக்கெட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "அதுக்குத்தான் இது" என்று கைப்பேசியைக் காட்டினான். சில அமெரிக்கர்கள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே தங்களுக்குள் பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். பாட்காஸ்ட் என்று பெயர். அவர்கள் 'மூன்று' என்று சொல்லும் நொடியில் நாம் இங்கே படத்தை ஓடவிட வேண்டும். அப்புறம் படம் ஒரு பக்கம், அவர்கள் நக்கல் ஒரு பக்கம்.

பேரன் இதைப் புதுமை என்று நினைத்திருக்கிறான். ஊமைப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லுவார் என்று என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரான்சில் அந்த ஆளுக்கு 'பொனிமாந்தேர்' என்று பெயர். படத்தைவிட அவர் பேச்சுக்குக் கூட்டம் சேர்ந்த கொட்டகைகளும் உண்டு.

படத்தின் பெயர் 'தி விக்கர் மேன்'. 2006-ல் வந்தது. பிரம்பு மனிதன் என்று வைத்துக்கொள்ளலாம். பிரம்பு என்று சொல்கிறேனே தவிர, அவர்கள் ஊரில் கூடை முடைவது வளைந்து கொடுக்கும் மிலாறுகளால்தான். நிக்கோலஸ் கேஜ் கலிபோர்னியா போலீஸ்காரர். காணாமல் போன ஒரு சிறுமியைத் தேடி ஒரு தீவுக்குப் போகிறார். தீவு முழுக்கப் பெண்கள் ராஜ்ஜியம், தேனீ வளர்ப்பு. கடைசியில்தான் தெரிகிறது, தேட வந்தவரே பலி என்று. மிலாறால் பின்னிய ஆளுயரமல்ல, வீட்டுயர பொம்மைக்குள் அவரை அடைத்துக் கொளுத்துகிறார்கள். நடுவில் மனிதர் கரடி வேஷம் போட்டுக்கொண்டு ஓடி ஒரு பெண்ணை முகத்தில் குத்துகிறார். சுமார் 4 கோடி டாலர் செலவில் எடுத்த படம் இது. மட்டமான படங்களுக்குக் கொடுக்கும் ராஸி விருதுக்கு ஐந்து பிரிவுகளில் பெயர் போயிற்று. அதிலும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, பாவம்.

இது மறு ஆக்கம். மூலம் 1973-ல் வந்த ஆங்கிலப் படம். ராபின் ஹார்டி இயக்கியது, ஆந்தனி ஷாஃபர் எழுதியது. அதில் போலீஸ்காரர் பக்தி மிகுந்த கிறிஸ்தவர். தீவுக்காரர்கள் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். நெருப்புக்குள்ளிருந்து அவர் தன் ஆண்டவரை அழைக்கிறார், வெளியே நிற்பவர்கள் கைகோத்துத் தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். இரண்டு பக்கமும் உண்மையான பக்தி என்பதுதான் அந்தப் படத்தின் பயங்கரம். கிறிஸ்டோபர் லீ சம்பளம் வாங்காமல் நடித்தார். கதை மே மாதத்தில் நடப்பது, படப்பிடிப்போ ஸ்காட்லாந்தின் அக்டோபர் குளிரில். மரத்தில் பொய்ப்பூக்களை ஒட்டி எடுத்தார்கள். முதலாளிகளுக்குப் படம் பிடிக்கவில்லை. 87 நிமிடமாக வெட்டி, வேறொரு படத்துக்குத் துணைப்படமாக வெளியிட்டார்கள். வெட்டியதில் ஒரு பகுதியை 2013-ல் ஹார்வர்டு ஆவணக் காப்பகத்தில் கிடைத்த பிரதியைக் கொண்டு திரும்பச் சேர்த்தார்கள். புதுப்படத்தில் அந்தப் பக்தி இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் தேனீயும் கரடித்தோலும்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பெரிய பொம்மை திரையில் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதை எனக்கு அறுபது வருஷமாகத் தெரியும்.

எங்கள் பள்ளியில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் ஊரை ஒப்படைத்துவிட்டார்கள், பாடப்புத்தகம் மட்டும் இன்னும் ஒப்படைக்கவில்லை. கோல் நாட்டார் எங்கள் முன்னோர் என்று அதில் இருக்கும். மஞ்சள் தலைமுடி, தொங்கு மீசை. கறுத்த தமிழ்ப் பிள்ளைகள் முப்பது பேர் அதைச் சத்தம் போட்டுப் படிப்போம். அதே புத்தகத்தில் அடுத்த பாடம், ரோமானியர் வந்து அந்த முன்னோர்களுக்கு ரோடும் சட்டமும் நாகரிகமும் கொடுத்தார்கள் என்பது. அந்தப் பாடம் யாருக்காக எழுதப்பட்டது என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை.

லத்தீன் வகுப்பில் சீசரின் கோல் யுத்தக் குறிப்புகள், ஆறாம் புத்தகம், பதினாறாம் அத்தியாயம். பிரெஞ்சில் மொழிபெயர்க்க வேண்டும். கோல் நாட்டார் மிகுந்த பக்தியுடையவர்கள். கடும் நோய் வந்தாலோ போருக்குப் போனாலோ நரபலி நேர்ந்துகொள்வார்கள். துரூயித் என்கிற பூசாரிகள் நடத்திவைப்பார்கள். சிலர் பிரம்மாண்டமான உருவங்களை மிலாறால் பின்னி, கைகால்களுக்குள் உயிருள்ள மனிதர்களை நிரப்பித் தீ வைப்பார்கள். திருடர்கள்தான் தெய்வத்துக்கு உகந்தவர்கள், அவர்கள் கிடைக்காவிட்டால் குற்றமற்றவர்களும் உண்டு. இவ்வளவுதான் அத்தியாயத்தின் சாரம். சினிமாக்காரர்கள் இரண்டு படம் எடுத்தது இந்தச் சில வரிகளிலிருந்து.

சீசர் இதைத் தன் கண்ணால் பார்த்ததாக எங்கும் சொல்லவில்லை. அவருக்கு முன்பே கோல் நாட்டில் சுற்றி எழுதிய பொசிடோனியஸ் என்ற கிரேக்கரிடமிருந்து எடுத்திருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அந்தக் கிரேக்கரின் நூல் இப்போது இல்லை. பின்னால் வந்த ஸ்ட்ராபோவும் வைக்கோலும் மரமுமான ஒரு பெரிய உருவத்தைப் பற்றி எழுதுகிறார். அவருக்கும் கைச்சரக்கு அதே கிரேக்கர்தான் என்கிறார்கள். 1676-ல் எய்லட் சாம்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு சித்திரம் போட்டுவிட்டார். கூடைக் கைகால், அதற்குள் சின்னச் சின்ன மனிதர்கள், மேலே மனித முகம். 1973 படத்தின் பொம்மை ஏறக்குறைய அந்தச் சித்திரம்தான். பூமியைத் தோண்டியவர்களுக்கு இப்படியொரு எரிந்த உருவத்தின் தடயம் எங்கும் கிடைத்ததில்லை. கோல் நாட்டார் சாதுக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வடக்கு பிரான்சில் ரிபெமோன் என்ற இடத்தில் தலையில்லாத எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் கூடை இல்லை.

முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். ஒரு கோப்பில் யாரோ எழுதிய குறிப்பை இரண்டாவது கோப்பில் எடுத்து எழுதுவோம். மூன்றாவது கோப்பில், 'ஏற்கெனவே இரண்டு கோப்புகளில் உறுதி செய்யப்பட்டுள்ளது' என்று வந்துவிடும். இன்னொன்றும் எங்களுக்குத் தெரியும். வேலை நடக்காத இடத்தில்தான் விளக்கக் குறிப்பு நீளும். சீசர் அந்த வருஷம், கி.மு. 53-ல், பாலம் கட்டி ரைன் நதியைத் தாண்டினார். எதிரிகள் காட்டுக்குள் போய்விட்டார்கள். ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பினார். சரியாக அந்த இடத்தில்தான் கோல் நாட்டார், ஜெர்மானியர் பழக்கவழக்கங்கள் என்று பதினெட்டு அத்தியாயம் ஓடுகிறது. மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பியவர்கள் யாராக இருந்தாலும் இதைப் படித்தால் புன்னகை வரும்.

பத்து லட்சம் பேரைக் கொன்றார், இன்னொரு பத்து லட்சம் பேரைச் சிறைபிடித்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். கணக்கைப் பாதியாகக் குறைத்தாலும் கூடைக்குள் அடங்காது. கி.மு. 52-ல் அலெசியாவில் சரணடைந்த வெர்சிஞ்செதோரிக்ஸ் ஆறு வருஷம் சிறையில் கிடந்தான். கி.மு. 46-ல் சீசரின் வெற்றி ஊர்வலத்தில் அவனை ஊர் பார்க்க இழுத்துப் போய் அப்புறம் கொன்றார்கள். ஊர்வலம் முடிவது யூப்பிட்டர் கோயிலில். கன்னேயில் தோற்ற வருஷம், கி.மு. 216-ல், ரோமானியரே தங்கள் சந்தைத் திடலில் இரண்டு கோல் நாட்டாரையும் இரண்டு கிரேக்கரையும் உயிரோடு புதைத்ததை அவர்கள் வரலாற்றாசிரியர் லிவியே எழுதியிருக்கிறார். நரபலியை ரோமில் சட்டப்படி தடை செய்தது கி.மு. 97-ல். அதாவது சீசர் பிறந்த பிறகு! இதெல்லாம் எங்கள் லத்தீன் பாடத்தில் வரவில்லை.

நகல் சமாச்சாரம் நம் ஊரிலும் உண்டு. ஆபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் நம்மவர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கி, 1816-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. நம்மை ஆண்டவர்கள் நூறு வருஷம் அதைப் படித்து நம்மைத் தெரிந்துகொண்டார்கள். அதில் பெரும்பகுதி அவருக்கு முந்தைய கேர்தூ பாதிரியார் எழுதி வைத்ததிலிருந்து எடுத்தது என்று 1987-ல் சில்வியா முர் என்ற பிரெஞ்சு அறிஞர் நிரூபித்தார். அந்தக் கேர்தூ நம் புதுச்சேரியில் இருந்து இங்கேயே 1779-ல் இறந்தவர்.

அந்த லத்தீன் பாடம் முடிந்த அன்று வாத்தியார், முசே என்போம், புத்தகத்தை மூடிவிட்டு, "இங்கேயும் நெருப்பில் நடக்கிறார்களாமே, யார் வீட்டிலாவது உண்டா?" என்று பிரெஞ்சில் கேட்டார். ஏளனமாகக் கேட்டார் என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் போலும். எங்கள் தெரு திரௌபதி அம்மன் கோயிலில் என் அப்பா வருஷா வருஷம் காப்புக் கட்டி, விரதம் இருந்து தீ மிதிப்பவர். முதல் பெஞ்சில் இருந்த நான் எழுந்து, அது படிக்காதவர்கள் செய்வது, எங்கள் வீட்டில் இல்லை என்றேன். நல்ல பிரெஞ்சில் சொன்னேன். அந்த மொழிபெயர்ப்புக்கு இருபதுக்குப் பதினாறு போட்டார். அப்பா அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார், பிரெஞ்சு படிக்கத் தெரியாமலே.

பேரன் படத்தை நிறுத்திவிட்டு, "என்ன தாத்தா, சிரிக்கவே மாட்டேங்கறீங்க?" என்றான். அமெரிக்கர்கள் மட்டும் கைப்பேசியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அதை அணைக்கச் சொன்னேன். மறுநாள் ராத்திரி 1973 படத்தைத் தேடி எடுத்தான். யாருடைய பேச்சும் இல்லாமல் பார்த்தோம். முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "உங்க அப்பா நிஜமாவே தீ மிதிச்சாரா?" என்று கேட்டான்.

"பதினோரு வருஷம்டா" என்றேன். பாதம் சுட்டதா என்று கேட்டான். அதை நான் அப்பாவிடம் கேட்டதில்லை.