எந்த வாசல் வழியாக உள்ளே? பெருந்தொற்றுக் காலமும் மருத்துவமனைப் பயிற்சியும்

இருக்கன்குடியை வெளியூரார் மாரியம்மன் கோயிலைக் கொண்டே அறிவர். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சூழ்ந்த இவ்வூரின் காலனியில் பிறந்த மாணவி ஒருத்தி மருத்துவமனைப் பணி கற்க விரும்பினால், முதலில் சாத்தூர்ப் பேருந்தில் ஏற வேண்டும். 2020 மார்ச் 24 மாலை ஊரடங்கு தொடங்கியபோது பேருந்துகள் நின்றன, கல்லூரிகள் மூடப்பட்டன, செவிலியர், துணை மருத்துவப் படிப்புகளின் வார்டுப் பயிற்சி பல இடங்களில் கைபேசித் திரைக்குள் சுருங்கியது. மருத்துவமனைகள் ஆளின்றித் தவித்த அதே நாள்களில், கற்க விரும்பிய மாணவர்கள் வெளியே நின்றனர். அவர்களுள் யார் உள்ளே நுழைய முடிந்தது, எந்த வேலைக்காக நுழைந்தனர் என்பதே நமது கேள்வி.

விருதுநகர் மாவட்டத்தில் அப்போது அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளுள் ஒன்றாக அது 2022 ஜனவரி 12 அன்றுதான் திறக்கப்பட்டது. தொற்றின் இரு கொடிய அலைகளும் அதற்கு முன்பே கடந்துவிட்டன. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகியவையே அருகிலிருந்த அரசுக் கல்லூரிகள். பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் இப்பகுதிக்கு மருத்துவப் பணியாளர் தேவை தொற்றோடு வந்ததன்று. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம் ஆலை வெடிப்பில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீக்காயப் பராமரிப்பு இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டிய கல்வி.

அரசு திறந்த வாசல்கள் இரண்டைக் குறிப்பிடலாம். 2021 மே 3 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, பயிற்சி மருத்துவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் கோவிட் பணியில் அமர்த்தப்படலாம். இறுதியாண்டு மருத்துவ மாணவர்கள் தொலைபேசி ஆலோசனைக்கும் இலேசான நோயாளிகளைக் கண்காணிக்கவும் பயன்படலாம். இறுதித் தேர்வுக்குக் காத்திருந்த செவிலிய மாணவர்கள் முழுநேரப் பணி செய்யலாம். 100 நாள் பணி முடித்தோருக்கு அரசு வேலை நியமனங்களில் முன்னுரிமை உண்டு என்றும் சொல்லப்பட்டது. ஏற்கெனவே கல்லூரிக்குள் இருந்தோருக்கான ஏணி அது. மற்றவர்களுக்கென 2021 ஜூன் 18 அன்று திறன் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் குறுகியகாலப் பயிற்சி தொடங்கப்பட்டது. ஒரு லட்சம் பேருக்கு 26 மாநிலங்களின் 111 மையங்களில், வீட்டுப் பராமரிப்பு, மாதிரி சேகரிப்பு, மருத்துவக் கருவி உதவி உள்ளிட்ட ஆறு பணிகள் கற்பிக்கப்படும் என்பது திட்டம்.

அறிவிப்பில் இல்லாத மூன்றாம் வாசல் ஒன்றும் எப்போதும் உண்டு. மாமாவோ சித்தப்பாவோ மருத்துவராக இருக்கும் மாணவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இரண்டு வாரம் வார்டில் நின்று பார்த்துவிட்டுச் சான்றிதழோடு திரும்புவார். முதல் தலைமுறைத் தலித் மாணவருக்கு அத்தகைய மாமா இல்லை. அவருக்கு மருத்துவமனையில் தெரிந்தவர் என்றால், பெரும்பாலும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரே. அந்த வழியில் கிடைப்பதும் அதே வேலைதான். தமிழ்நாட்டில் தூய்மைப் பணி அருந்ததியர் தலையில் சுமத்தப்பட்ட வரலாறு நாமறிந்ததே. அப்பணி இழிவானது என்று நாம் சொல்லவில்லை. பிறப்பைப் பார்த்து அது பங்கிடப்படுவதையே எதிர்க்கிறோம். வார்டு உதவியாளராகச் சேர்க்கப்பட்ட மாணவர் மட்டும் கழிவு வாளியையும் சடலத்தையும் சுமக்க நேர்ந்தால், அதைப் பயிற்சி என்று ஏற்கலாகாது. பட்டியல் சாதியினரைச் சடலம் சுமக்கவோ குழி தோண்டவோ கட்டாயப்படுத்துவது, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தப்படி குற்றம்.

எனவே எழுத்து முக்கியம். பணியின் பெயர், வார்டு, மேற்பார்வையாளர், தொடக்க முடிவு நாள்கள் ஆகியவை குறித்த ஆணையைச் சேரும்போதே கேட்டுப் பெற வேண்டும். அன்றன்று செய்த பணியைக் குறிப்பேட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையொப்பம் பெறுவது நலம். 2020 மார்ச் இறுதியில் நடைமுறைக்கு வந்த 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டில் ஒப்பந்தப் பணியாளரும் தன்னார்வலரும்கூடச் சேர்க்கப்பட்டிருந்தனர். ஆனால் அவர்கள் கோவிட் பணிக்கென அரசால் அழைக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். காகிதம் இல்லாதவர் செத்தாலும் கணக்கில் வரமாட்டார்.

அனுபவம் வேலையாக மாறும் என்ற உறுதிமொழியையும் எச்சரிக்கையோடு காண வேண்டும். 2020இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தற்காலிகமாக நியமிக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடித்துவைக்கப்பட்டது. அவர்கள் வீதிக்கு வந்து போராடினர். அவசர நியமனத்தில் இட ஒதுக்கீட்டு முறை பின்பற்றப்படவில்லை என்பது அரசுத் தரப்பு கூறிய காரணங்களுள் ஒன்று. இட ஒதுக்கீட்டைத் தள்ளிவைத்தது நிர்வாகம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் செவிலியர்கள்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மாணவர்களின் நிலை வேறு. சீனாவில் படித்து, இறுதிக்காலப் பயிற்சியை இணையத்தில் முடித்த மாணவர் தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற வழக்கில், நேரடிப் பயிற்சியின்றி மருத்துவராகப் பதிய முடியாது என்று 2022 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. இத்தகையோருக்காகத் திட்டம் வகுக்கவும் தேசிய மருத்துவ ஆணையத்தைப் பணித்தது. ஆணையம் ஜூலையில் இரண்டாண்டு உள்ளுறைப் பயிற்சியை விதித்தது. கடன் வாங்கிப் படிக்கவைத்த குடும்பத்துக்கு அந்தக் கூடுதல் ஓராண்டு சிறிதன்று.

நமது மாவட்ட மருத்துவமனைகளில் 2020 முதல் 2022 வரை பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டோர் எத்தனை பேர், அவர்களுள் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், எந்தெந்தப் பணியில் அமர்த்தப்பட்டனர் என்னும் மூன்று கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்த மாணவரும் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.